விமான எஞ்சின் ஒயிலைச் சூட்டோடு பார்ப்பது ஏன்?

வெள்ளவத்தை வான்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஸ்கூல் வான் ஓடுகிறேன். விமானப் பராமரிப்பு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். கட்டுநாயக்கவில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது எங்களை ஏற்ற வேண்டிய ஏ320 வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சின்ன ஏணியொன்றைத் தூக்கிவந்து இடப்பக்க எஞ்சினுக்கு வைத்தார். எஞ்சின் உறையில் ஒரு சிறிய கதவு. அதைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையுறையோடு ஒரு மூடியைத் திருப்பி எடுத்து, ஒரு ரின் ஒயிலை ஊற்றினார். துணியால் துடைத்து, கதவை அழுத்தி மூடி, கையால் இரண்டு முறை தட்டியும் பார்த்தார். மற்றப் பக்க எஞ்சினையும் திறந்து பார்த்தார். அதற்கு ஒன்றும் ஊற்றவில்லை.

எனக்கு விளங்காதது மூன்று விஷயம். நான் தினமும் விடிய ஐந்தரைக்கு வானை எடுக்க முன் ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு பார்த்தால் பிழையாகக் காட்டும் என்றுதான் கராஜ் பாஸ் சொல்லித் தந்தார். விமானத்தில் எஞ்சின் நின்ற சூட்டிலேயே பார்க்கிறார்களே, அது எப்படி? அடுத்தது, கொக்பிட் முழுக்கத் திரையாக இருக்கும் இந்தக் காலத்தில் ஏணி எதற்கு? கடைசியாக, ஒரு எஞ்சின் ஒயில் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. அப்படியென்றால் இடப்பக்க எஞ்சினில் ஏதும் கோளாறா? அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் இறங்கும்வரை என் மனம் அந்த எஞ்சினிலேயே நின்றது.

வத்தளை எயார்பஸ்

அண்ணா, பயப்பட ஒன்றுமில்லை. இப்போது எல்லாம் சென்சர்தான். ஒயில் அளவு கொக்பிட் திரையில் அப்படியே தெரியும். ஏணி வைத்துப் பார்ப்பது பழைய காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. புறப்பட முன் விமானியும் ஒரு தடவை சுற்றிவந்து அந்தக் கதவைத் திறந்து பார்ப்பார்.

நைட் ஷிப்ட்

தம்பி, கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டுநாயக்கவில் மூன்று எஞ்சின் ட்ரைஸ்டார் விமானங்களின் காலத்தில் தொழில் பழகி, ஏ340, ஏ330 வரை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒயில் விஷயத்தை ஆறுதலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை அவசரமாகச் சொன்னால் பிழையாக விளங்கும்.

முதலில் உங்கள் டிப்ஸ்டிக். வான் எஞ்சினில் ஒயில் முழுவதும் கடைசியில் வந்து சேர்வது அடியிலிருக்கும் சம்ப் என்ற ஒயில் தட்டில். டிப்ஸ்டிக் இறங்குவதும் அதே சம்புக்குள். இரவு முழுக்க நின்றால் மேலே ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் வடிந்து கீழே வந்துவிடும், காலையில் அளவு சரியாக இருக்கும். உங்கள் பாஸ் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஜெட் எஞ்சினில் ஒயிலுக்குத் தனித் தாங்கி. நீங்கள் பார்த்த ஏ320இல் அது முன்பக்க விசிறியைச் சுற்றியுள்ள உறையின் பக்கவாட்டில் பூட்டியிருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் தாங்கியிலிருந்து ஒயிலை எடுத்துப் பெயாரிங்குகளுக்கும் கியர்பொக்ஸுக்கும் அடிக்கும். அங்கே வேலை முடித்து விழும் ஒயிலை வேறு பம்புகள் உறிஞ்சித் திரும்பவும் தாங்கிக்கு அனுப்பும். எஞ்சின் நின்றால் இந்தப் பம்புகள் எல்லாமே நிற்கும். அதன்பின் நேரம் போகப் போக, தாங்கியில் இருக்கும் ஒயில் பம்பின் இடைவெளிகள் வழியே மெல்லக் கீழே இறங்கிக் கியர்பொக்ஸில் தேங்கும். உங்கள் வானில் ஒயில் அளக்கும் இடத்துக்கு வடிந்து வருகிறது. இங்கே அளக்கும் இடத்தை விட்டு வடிந்து போகிறது. காலையில் ஆறிய எஞ்சினைத் திறந்து பார்த்தால் தாங்கி குறைவாகக் காட்டும், ஆனால் ஒரு சொட்டும் வெளியே போயிருக்காது.

அதனால்தான் நேரக் கணக்கு. எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் வித்தியாசப்படும். பல ஏ320களில் இருக்கும் சிஎஃப்எம்56 எஞ்சினுக்கு, நிறுத்தி 5 நிமிடம் பொறுத்து, 30 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அந்த 5 நிமிடம் சும்மா இல்லை. ஓடும்போது தாங்கிக்குள் அமுக்கம் இருக்கும், ஒயிலோடு காற்றும் கலந்திருக்கும். 100 பாகைக்குக் கிட்டச் சூடான ஒயில் அது. உடனே மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். அமுக்கம் இறங்கட்டும், நுரை அடங்கட்டும் என்றுதான் பொறுக்கிறோம்.

அரை மணி தாண்டிவிட்டால்? நிறைக்கக் கூடாது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டோ, ஐட்லில், அதாவது ஆகக் குறைந்த வேகத்தில், ஓட்டியோ ஒயிலைத் தாங்கிக்குத் திருப்பி எடுத்து, பிறகு பார்க்க வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரவு தங்கிய ஒரு விமானம், யாருடையது என்பது வேண்டாம். வந்திறங்கியபோது யாரும் பார்க்கவில்லை. விடியற்காலையில் ஒருவர் ஆறிய எஞ்சினைத் திறந்து, குறைவு என்று நினைத்து விளிம்பு வரை நிறைத்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணியதும் கியர்பொக்ஸில் கிடந்த ஒயில் முழுவதும் தாங்கிக்குத் திரும்பியது. இடமில்லாத ஒயில் வெளியேற்றும் குழாயால் போனது. திரும்பி வந்தபோது எஞ்சின் உறையின் கீழ்ப்பக்கம் முழுக்க வழிந்து கிடந்தது, கெபினில் நாற்றம் என்று பணிப்பெண்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஒயில் சூடாகி ஏசிக் காற்றோடு வந்தால் ஊறிய காலுறை நாற்றம் அடிக்கும். வாலில் இருக்கும் ஏபியு என்ற சிறிய துணை எஞ்சினை அளவுக்கு மேல் நிறைத்தாலும் இதே கதைதான். குறைவு எவ்வளவு பிழையோ கூடுதலும் அவ்வளவு பிழை.

இனித் திரை. வத்தளைத் தம்பி சொன்னதுபோல ஒயில் அளவு திரையில் வருவது உண்மை. ஏ320இல் விமானிகள் ஏறியதும் முதல் வேலையாக எஞ்சின் பக்கத்தைத் திறந்து அதைப் பார்ப்பார்கள். குவார்ட் கணக்கில் காட்டும். ஒரு குவார்ட் 0.946 லீற்றர், ஒரு ரின்னில் இருப்பதும் அவ்வளவுதான். சிஎஃப்எம்56-5பி பூட்டிய ஏ320க்குக் கணக்கு இப்படி: 9.5 குவார்ட், அதோடு போகும் பயணத்துக்கு மணிக்கு அரை குவார்ட். சென்னைக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் 10.25. டுபாய்க்கு நாலரை மணி என்றால் 11.75. இது ஸ்டார்ட் பண்ண முன் இருக்க வேண்டிய ஆகக் குறைந்த அளவு. ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் எஞ்சின் முழுக்கப் பரவுவதால் திரையில் எண் சட்டென்று இறங்கும். டேக்ஓஃபில் இன்னும் இறங்கும். இறங்கி வரும்போது கொஞ்சம் ஏறும். இது தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு யோசித்தால் தலைதான் வலிக்கும்.

ஆனால் விமானி அந்தக் கதவைத் திறப்பதில்லை தம்பி, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் சுற்றிவரும்போது கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். திறப்பது எங்கள் வேலை. எல்லா இறக்கத்திலும் திறப்பதும் இல்லை. எப்போது திறக்க வேண்டும் என்று அந்தந்த நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கும். ஏணி பழைய பழக்கம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்சர் ஒரு எண்ணைத்தான் தரும். கதவைத் திறக்கிறவனுக்கு ஒயிலின் நிறம் தெரியும், மணம் தெரியும், தாங்கியைச் சுற்றி ஈரமிருந்தால் தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு: கோளாறு இல்லை. ஒரே விமானத்தின் இரண்டு எஞ்சினும் ஒரே வயதாக இருப்பது அபூர்வம். ஒன்று ஒரு ரின் கேட்கும், மற்றது கேட்காது. அந்த ரின் எழுதப்பட்டதா என்பதுதான் முக்கியம்.

வெள்ளவத்தை வான்

ஐயா, மிக்க நன்றி. வடிந்து வருவது, வடிந்து போவது என்று சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது. கராஜ் பாஸுக்கும் வாசித்துக் காட்டினேன், அவருக்கும் புது விஷயம்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? என் வான் ஒயில் குடிக்கத் தொடங்கினால் பின்னால் நீலப் புகை வரும், நிறுத்துமிடத்தில் சொட்டும். விமானத்தில் இது எப்படித் தெரியும்? நடு வானத்தில் குறைந்தால் என்ன செய்வார்கள்? என் அக்கா மெல்பேர்ணில் இருக்கிறா. அவவும் பிள்ளைகளும் வருஷாவருஷம் அந்தக் கடலுக்கு மேலால்தான் வருகிறார்கள். அதுதான் கேட்கிறேன்.

நைட் ஷிப்ட்

கேளுங்கள் தம்பி. மெல்பேர்ண் பறப்பையே உதாரணமாக எடுப்போம், ஏனென்றால் இந்த ஏற்பாடு முழுவதும் அப்படியான பறப்புகளுக்காகவே இறுக்கப்பட்டது.

கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்கு பத்தரை மணி அளவில், பெரும்பகுதி இந்து சமுத்திரத்துக்கு மேல். இரண்டு எஞ்சின் விமானம் பக்கத்தில் விமானநிலையம் இல்லாத இடங்களால் போவதென்றால் ஈட்டோப்ஸ் என்ற அனுமதி வேண்டும். அந்த விதிகளில் ஒயிலுக்குத் தனி இடம் உண்டு. புறப்பட முன் இரண்டு எஞ்சினையும் பார்த்து, எவ்வளவு ஊற்றினோம் என்று டெக் லொக் என்ற விமானப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒன்றும் ஊற்றாவிட்டால் பூச்சியம் என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. ஊற்றியதைக் கடைசியாக நிறைத்த பிறகு ஓடிய மணித்தியாலங்களால் பிரித்தால் மணிக்கு எவ்வளவு குடிக்கிறது என்று வரும். அந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா, முந்தின நாட்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் விமானத்தை விடுவார்கள்.

அளவை விட இந்த வேகம்தான் பேசும். மணிக்கு 0.3 குவார்ட் மாதக்கணக்காகக் குடிக்கும் எஞ்சினை நான் நிம்மதியாக அனுப்புவேன். மணிக்கு 0.1 குடித்துக்கொண்டிருந்தது திடீரென்று 0.3 ஆனால் அனுப்ப மாட்டேன், கதவுகளைத் திறந்து தேடுவேன். இரண்டிலும் ஒரே எண்தான். முதலாவது அந்த எஞ்சினின் சுபாவம். இரண்டாவதில் ஏதோ மாறியிருக்கிறது: ஒரு சீல் தேய்ந்திருக்கலாம், ஒரு குழாய் மூட்டு தளர்ந்திருக்கலாம். புகைக்கும் சொட்டுக்கும் காத்திருந்தால் பிந்திவிடும், டெக் லொக் அதற்கு முன்பே சொல்லிவிடும். அதனால் ஒரு ரின் ஊற்றிவிட்டு எழுதாமல் போவதை நான் மிகப் பெரிய குற்றமாகவே நினைக்கிறேன். அடுத்து வருகிறவனுக்கு அந்த எஞ்சின் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

நடு வானத்தில் ஒயில் அளவு மட்டும் குறைந்தால் எஞ்சினை நிறுத்துவதில்லை. அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கூர்ந்து பார்ப்பார்கள். அவை சரியாக இருந்தால் எஞ்சினுக்குப் போக வேண்டிய ஒயில் போய்க்கொண்டிருக்கிறது, பிழை சென்சரிலும் இருக்கலாம். அமுக்கம் விழுந்தால் கதை வேறு. நான் சொன்ன அதே ஏ320 எஞ்சினில் 13 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் சிவப்பு எச்சரிக்கை வரும், நிறுத்தத்தான் வேண்டும். உள்ளே நிமிடத்துக்கு 14,000 சுற்றளவில் ஓடும் தண்டு ஒயிலில்லாமல் அதிக நேரம் தாங்காது. ஒரு எஞ்சினோடு இறங்கப் பயிற்சியும் வழியும் உண்டு, அது பெரிய ஆபத்தில்லை. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒயில் போவதுதான் பயம்.

அதுவும் நடந்திருக்கிறது. 1983 மே 5, மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்குப் போன ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 855. நான் தொழில் பழகிய அதே ட்ரைஸ்டார் வகை, அதனால் எங்களுக்கெல்லாம் அதை வரிவரியாகச் சொல்லித் தந்தார்கள். ஒயிலில் உலோகத் துகள் வருகிறதா என்று பிடிக்கும் காந்தத் துண்டுகளை இரவில் மூன்று எஞ்சினிலும் மாற்றினார்கள். மூன்றிலும் ஓ-ரிங் இல்லாமல் பூட்டிவிட்டார்கள். விரல் மோதிரம் அளவு ரப்பர் வளையம். முதலில் நடு எஞ்சினின் ஒயில் அமுக்கம் விழுந்தது, அதை நிறுத்தி மியாமிக்குத் திருப்பினார்கள். வழியில் மற்ற இரண்டும் நின்றுபோயின. முதலில் நிறுத்திய எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, அது ஒன்றோடு இறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள். மூன்றின் அளவும் ஒன்றாகக் குறைவதாகக் காட்டியபோது, மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் போகும், காட்டுவதுதான் பிழை என்று கொக்பிட்டில் நினைத்தார்கள். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

12 வருடம் கழித்து, 1995 பெப்ரவரி 23, இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மிட்லண்டின் 737-400. கிழக்கு மிட்லண்ட்ஸிலிருந்து ஸ்பெயினின் லன்சரோட்டே தீவுக்குப் போனது. முதல் நாள் இரவு இரண்டு எஞ்சினுக்குள்ளும் சின்னக் கமரா விட்டுப் பார்த்தவர்கள், அதற்காக எஞ்சினைக் கையால் சுற்றும் இடத்தின் மூடியை இரண்டிலும் திரும்பப் பூட்டவில்லை. முடிந்தபின் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதையும் செய்யவில்லை. ஏறும்போதே இரண்டின் ஒயிலும் இறங்குவதை விமானிகள் கண்டு, லூட்டனில் இறக்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதிரி நிகழ்வுகளிலிருந்து வந்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஈட்டோப்ஸ் விமானத்தில் ஒரே ஆள் ஒரே தடவையில் இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் பார்த்தவர் கதவை இரண்டு முறை தட்டிப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவைத் தைரியமாக வரச் சொல்லுங்கள்.

ரத்மலானை மாணவி

வணக்கம். நான் ரத்மலானையில் விமானப் பராமரிப்புப் படிக்கிறேன், இப்போது நடைமுறைப் பயிற்சியில் இருக்கிறேன். ஐயா எழுதியதோடு ரின்னைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு முதல் வாரமே அதைத்தான் மனதில் ஏற்றினார்கள்.

அது பெற்றோலிய ஒயில் இல்லை, எஸ்டர் வகைச் செயற்கை ஒயில். மொபில் ஜெட் ஒயில் 2 போல. ஒரு பெட்டியில் 24 ரின். இந்த வகை ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் திறந்த ரின்னில் மிச்சம் இருந்தால் அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது, கழிவுக்குத்தான். கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் நீர்கொழும்புக் களப்பு, அதற்கு அப்பால் கடல். ஒக்டோபர் மழையில் ஏணியில் நிற்கும்போது ஒருவர் மேலே தார்ப்பாயைப் பிடிக்க மற்றவர் ஊற்றுவார். தாங்கியின் துளைக்குள் ஒரு துளி மழை விழவும் விட மாட்டார்கள். திறக்க முன் ரின்னின் மேற்பக்கத்தைத் துடைக்க வேண்டும். ரின்னைக் குத்தித் திறக்கும்போது உலோகச் சீவல் உள்ளே விழாமல் பார்க்க வேண்டும். கையுறை கட்டாயம், இதில் சேர்க்கும் ஒரு பொஸ்பேற்றுச் சேர்மானம் தோலுக்கும் நரம்புக்கும் கூடாது. பெயின்ற்றில் பட்டாலும் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ற்றைத் தூக்கிவிடும்.

வான் அண்ணாவுக்கு ஒன்று: இதை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவதுபோல மாற்றுவதில்லை. எரியும் இடத்தோடு இந்த ஒயிலுக்குச் சம்பந்தம் இல்லாததால் எரிவதால் வரும் கரி அதில் சேராது. குறைவதை நிறைப்பது, ஃபில்டரை மாற்றுவது, அவ்வளவுதான்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. குறைவதைப் பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். ஊற்றாமலே அளவு கூடினால் என்ன அர்த்தம்? சென்சர் பிழை என்று எடுக்கலாமா?

நைட் ஷிப்ட்

மகள், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். சென்சர் பிழை என்று ஒருபோதும் முதலில் எடுக்காதீர்கள்.

பறப்பின்போது இறங்கும் கட்டத்தில் கொஞ்சம் ஏறுவது சாதாரணம், அதை மேலே சொன்னேன். அது வேறு. போன தடவை நிறுத்தியபின் பார்த்த அளவை விட, ஒன்றும் ஊற்றாமல், இந்தத் தடவை நிறுத்தியபின் கூடியிருந்தால் முதல் சந்தேகம் எரிபொருள்மேல் வர வேண்டும். சூடான ஒயிலைக் குளிர்விக்க எரிபொருளைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரே பெட்டிக்குள் ஒரு பக்கம் ஒயில் குழாய், மற்றப் பக்கம் எரிபொருள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகச் சுவர். அதில் வெடிப்பு விழுந்தால், எரிபொருளின் அமுக்கம் கூடியதால் அதுதான் ஒயிலுக்குள் போகும். தாங்கி நிறையும், திரையில் எண் நன்றாக இருக்கும், ஒருவரும் முறையிட மாட்டார்கள். ஆனால் உள்ளே ஒயில் நீர்த்துப்போய்ப் பெயாரிங்குகளைக் காக்கும் தடிப்பை இழந்துகொண்டிருக்கும்.

இதைச் சென்சர் உங்களுக்குச் சொல்லாது. மூடியைத் திறந்ததும் குனிந்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் இலேசாக வந்தாலும் அந்த விமானத்தை விடாதீர்கள், மாதிரி எடுத்து அனுப்புங்கள், ஷிப்ட் பொறுப்பாளரை எழுப்புங்கள். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் எழுப்புங்கள். பிறகு டெக் லொக்கில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எஞ்சின் நின்று எத்தனை நிமிடம், அளவு எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு அந்த மூன்றும் வேண்டும்.